ஆய்வு திரும்பப் பெறப்பட்டால் அதுவும் செய்திதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 20 அன்று பிரான்சின் மார்சே நகர மருத்துவக் குழு ஒன்று ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனா கிருமியை உடலிலிருந்து விரைவாக அகற்றுகிறது என்றது அந்தக் கட்டுரை. மே 22 அன்று ‘லான்செட்’ ஆய்விதழில் இன்னொன்று வந்தது: அதே மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகம், இதயத் துடிப்புக் கோளாறும் அதிகம். இரண்டும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள் ஆயின. இன்றைக்கு இரண்டும் செல்லாது. லான்செட் கட்டுரை 13 நாளில், ஜூன் 4 அன்று, திரும்பப் பெறப்பட்டது. மார்சே கட்டுரை திரும்பப் பெறப்பட 2024 டிசம்பர் ஆகிவிட்டது. முதல் செய்தியைப் படித்த வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்த முடிவு போய்ச் சேரவே இல்லை.

ஒரு புதிய கண்டுபிடிப்பைச் செய்தியாக்கும் நாளிதழ், அது திரும்பப் பெறப்படும்போது அதையும், முக்கியமாக எதனால் என்ற காரணத்தையும், அச்சிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். காரணம் இல்லாமல் ‘ஆய்வு வாபஸ்’ என்று ஒற்றை வரி போடுவது போதாது. அந்த ஒற்றை வரி ஒருவேளை மோசடிக்காரரைக் காப்பாற்றும், இன்னொருவேளை நேர்மையாகத் தவறைச் சொன்னவரைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

மேலே சொன்ன இரண்டையே எடுத்துக்கொள்வோம். மார்சே ஆய்வில் மாத்திரை பெற்றவர்கள் 26 பேர். கணக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 20 பேர். விடுபட்ட ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்துவிட்டவர், ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போனவர், ஒருவர் குமட்டல் தாங்காமல் மாத்திரையை நிறுத்தியவர். மருந்து உதவாதவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுகிறவர்களிடம் மருந்து நன்றாகத்தான் வேலை செய்யும். இது கட்டுரையிலேயே எழுதப்பட்டிருந்தது, யாரும் ஒளிக்கவில்லை. கட்டுரை அனுப்பிய மறுநாளே ஏற்கப்பட்டது. அந்த ஆய்விதழின் தலைமைப் பதிப்பாசிரியரே கட்டுரையாளர்களில் ஒருவர். கடைசியில் திரும்பப் பெறும் அறிவிப்பில் சொல்லப்பட்ட காரணங்கள் வேறு: நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைப்பதற்கு முன்பே நோயாளிகள் சேர்க்கப்பட்டார்களா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை, சிலருக்குக் கூடவே கொடுத்த அஸித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு முறையான ஒப்புதல் பெறப்பட்டதா என்பது தெளிவாகவில்லை, கட்டுரையாளர்களில் மூவர் முடிவுகளை விளக்கிய விதத்தை ஏற்கவில்லை.

லான்செட் கட்டுரையின் கதை முற்றிலும் வேறு. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் பதிவுகள் என்றார்கள். தரவு முழுவதும் சர்ஜிஸ்பியர் என்ற சிறு அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இறந்தவர்களாகக் கட்டுரை காட்டிய எண்ணிக்கை, அந்தத் தேதியில் அந்நாட்டின் மொத்த இறப்பை விட அதிகமாக இருப்பதைப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் கவனித்தார்கள். ஆசியாவில் உள்ள ஒரு மருத்துவமனை தவறுதலாக ஆஸ்திரேலியாவில் சேர்ந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டுத் திறந்த மடல் எழுதினார்கள். வெளித் தணிக்கையாளர்கள் மூலத் தரவைக் கேட்டபோது நிறுவனம் தரவில்லை. கட்டுரையாளர் நால்வரில் ஒருவர் அந்த நிறுவனத்தின் தலைவர்; தரவைக் கண்ணால் பார்க்காமலே பெயர் கொடுத்திருந்த மற்ற மூவரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மாத்திரைப் பிரிவை மே 25 அன்று நிறுத்தி, ஜூன் 3 அன்று மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

இதில் வாசகர்கள் எளிதாக இடறும் இடம் ஒன்று உண்டு. ‘ஆபத்து’ என்று சொன்ன கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும் ‘அப்படியானால் மாத்திரை நல்லதுதான்’ என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது தவறான முடிவு. ஒரு கட்டுரை செல்லாது என்றால் அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டுரையிலிருந்து விடை இல்லை என்று மட்டுமே பொருள். எதிர்விடை நிரூபணமாகிவிட்டது என்று ஆகாது. உண்மையான விடை மறுநாளே, ஜூன் 5 அன்று, கொரோனா மருந்துகளைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட பிரிட்டனின் ரெகவரி சோதனையிலிருந்து வந்தது: மாத்திரை பெற்ற 1,542 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 25.7 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,132 பேரில் 23.5 சதவீதம். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு மாத்திரையால் பயனில்லை. திரும்பப் பெறும் செய்தியை எழுதும் நிருபர், ‘இதே கேள்விக்கு வேறு நல்ல ஆய்வு என்ன சொல்கிறது’ என்ற ஒரு பத்தியைச் சேர்க்காவிட்டால் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

திரும்பப் பெறுதல் என்றால் கட்டுரையை இணையத்திலிருந்து அழித்துவிடுவார்கள் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்யக் கூடாது என்பதே விதி. கட்டுரை அதே இடத்தில் இருக்கும். தலைப்பின் முன்னால் ‘ரிட்ராக்டட்’ என்ற சொல் சேரும், பிடிஎஃப் கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே சொல் குறுக்காக விழும். தனியாக ஓர் அறிவிப்பு, தனக்கென ஒரு டி.ஓ.ஐ. எண்ணோடு (இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்), கட்டணம் இன்றி எவரும் படிக்கும்படி வெளியாகும். கட்டுரையிலிருந்து அறிவிப்புக்கும் அறிவிப்பிலிருந்து கட்டுரைக்கும் இணைப்பு இருக்க வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் வெளியாகிவிட்டது, நீதிமன்றம் உத்தரவிட்டது, அப்படியே பின்பற்றினால் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற அரிதான நிலைகளில் மட்டுமே உரையை எடுப்பார்கள்; அப்போதும் தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் அறிவிப்பும் நிற்கும். ஏனென்றால் அந்தக் கட்டுரையை நம்பி ஏற்கெனவே எழுதப்பட்ட மற்ற கட்டுரைகள் இருக்கின்றன. எது தவறாகப் போனது என்று தேடிவருகிறவர் வெறும் பக்கத்தைப் பார்க்கக் கூடாது.

1997இல் பிரிட்டனில் தொடங்கிய ‘கோப்’ என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டுதலைத்தான் பெரும்பாலான ஆய்விதழ்கள் பின்பற்றுகின்றன. அறிவிப்பில் இருக்க வேண்டியவை அதில் தெளிவாக உள்ளன: எந்தக் கட்டுரை, யார் திரும்பப் பெறுகிறார்கள் (ஆசிரியர்களா, பதிப்பாசிரியரா, பதிப்பகமா), என்ன காரணம். நடுநிலையான சொற்களில், ஏசாமல், மழுப்பாமல் எழுத வேண்டும். நடைமுறையில் இந்த மூன்றாவதுதான் அடிக்கடி காணாமல் போகிறது. ‘ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்படுகிறது’ என்று மட்டும் எழுதி முடித்துவிடும் அறிவிப்புகள் இன்றும் வருகின்றன. அப்படி ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால் நிருபர் பதிப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காரணம் கேட்க வேண்டும். கேட்பது முறைதான், பதில் வராவிட்டால் அதையும் எழுதலாம்.

புகார் வந்ததிலிருந்து அறிவிப்பு வரை என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தாமதம் எங்கே புகுந்துகொள்கிறது என்று புரியும். புகார் பெரும்பாலும் ஒரு வாசகரிடமிருந்து வரும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளை எவரும் விமர்சிக்கும், 2012இல் தொடங்கிய பப்பியர் தளத்தில் பெயரில்லாமல் எழுதப்பட்ட குறிப்பாகவும் இருக்கலாம். பெயர் இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. புகாரில் ‘மூன்றாம் படத்தின் இரண்டாவது கட்டமும் ஐந்தாம் படத்தின் நான்காவது கட்டமும் ஒன்றே, திருப்பி வைக்கப்பட்டுள்ளது’ என்பது போல இடம் சுட்டப்பட்டிருந்தால் போதும். பதிப்பாசிரியர் முதலில் கட்டுரையாளருக்கு எழுதி மூலப் பொருளைக் கேட்பார். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படமானால் வெட்டப்படாத முழுப் படம், கணக்கானால் ஒவ்வொரு நபருக்கும் ஒரு வரி உள்ள தரவுக் கோப்பு, மருத்துவ ஆய்வானால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும் அதன் தேதியும். பதில் திருப்தி இல்லையென்றால் கட்டுரையாளரின் நிறுவனத்துக்கு எழுதுவார். இங்கேதான் மாதங்கள் ஆண்டுகளாகின்றன. பதிப்பாசிரியருக்கு ஆய்வகத்துக்குள் போய் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் இல்லை. நிறுவனத்துக்கு இருக்கிறது, ஆனால் தன் பெயர் கெடும் என்ற அச்சமும் இருக்கிறது. விசாரணை இழுக்கும்போது, அல்லது நிறுவனம் பதிலே சொல்லாதபோது, ஆய்விதழ் ‘இக்கட்டுரை மீது ஐயம் உள்ளது’ என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பை வெளியிடலாம். இது தீர்ப்பு ஆகாது. வாசகர் கவனமாக இருக்கட்டும் என்பதற்காக மட்டுமே.

முடிவு முழுமையாகச் சரிந்தால் திரும்பப் பெறுதல். முடிவு நிற்கிறது, ஓர் அட்டவணையோ படமோ மட்டும் தவறு என்றால் திருத்தம் போதும். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற சண்டைக்காகக் கட்டுரையைத் திரும்பப் பெறக் கூடாது.

நேர்மையான தவறு எப்படி நேர்கிறது என்பதற்கு அமெரிக்க உயிரியலாளர் ஜெஃப்ரி சாங்கின் எடுத்துக்காட்டை ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். புரதங்களின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு கணித்த அவரது கட்டுரைகள் 2001 முதல் ‘சயின்ஸ்’ போன்ற ஆய்விதழ்களில் வந்தன. 2006இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதே வகைப் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. தேடிப்பார்த்தால், அவரது ஆய்வகத்தில் பயன்படுத்திய ஒரு கணினி நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் குறி தலைகீழாகி, வடிவமும் கண்ணாடியில் தெரிவதைப் போல இடம் வலமாகிவிட்டது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. வேறோர் ஆய்வகத்திலிருந்து வாங்கிய நிரலை, விடை முன்பே தெரிந்த ஒரு பழைய தரவின் மீது ஓட்டிச் சோதிக்காமல் பயன்படுத்தினால் இது எவருக்கும் நேரும்.

2018இல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் அர்னால்ட், 2019 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வந்த தம் கட்டுரை ஒன்றை 2020 ஜனவரி 2 அன்று தாமே திரும்பப் பெற்றார். முடிவுகளை மறுபடி செய்துபார்க்க முடியவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முக்கியமான சோதனைகளுக்கான அன்றன்றைய பதிவுகளும் மூலத் தரவும் இல்லை. அதைப் பொதுவெளியில் தாமே அறிவித்து மன்னிப்பும் கேட்டார். அவரது மதிப்பு இதனால் குறையவில்லை, கூடியது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு வகையும் உண்டு: திரும்பப் பெற்றுத் திருத்தி மறுபடி வெளியிடுதல். ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்ந்த மத்தியதரைக் கடல் பகுதி உணவு இதய நோயைக் குறைக்கிறது என்ற ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு 2013இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. பங்கேற்றவர்கள் 7,447 பேர். பிரிட்டிஷ் மயக்க மருந்து மருத்துவர் ஜான் கார்லைல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளின் தொடக்க அட்டவணைகளைப் புள்ளியியல் கண்ணால் அலசி 2017இல் வெளியிட்டபோது இந்த ஆய்வும் சந்தேகப் பட்டியலில் வந்தது. குலுக்கல் முறையில் பிரித்த இரு குழுக்களின் வயது, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் எவ்வளவு ஒத்தும் எவ்வளவு வேறுபட்டும் இருக்கும் என்பதற்கு ஓர் இயல்பான வீச்சு உண்டு. அதை மீறி ஒத்துப்போனாலும் மீறி விலகினாலும் ஏதோ பிசகு. ஆய்வாளர்கள் தங்கள் கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். ஒரே வீட்டில் இரண்டாவதாகச் சேர்ந்தவருக்குக் குலுக்காமல் முதலாமவரின் உணவே கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு மையத்தில் தனிநபராகப் பிரிக்காமல் கிளினிக் கிளினிக்காகப் பிரித்திருந்தார்கள். ஐயத்துக்கு இடமான 1,588 பேரை நீக்கி மீண்டும் கணக்கிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனால் உறுதி குறைந்தது. 2018 ஜூனில் பழையதைத் திரும்பப் பெற்று, முடிவைச் சொல்லும் வாசகத்தை மென்மையாக்கி, புதியதை வெளியிட்டார்கள். இதற்கு ‘மோசடி அம்பலம்’ என்று தலைப்பு வைத்தால் அது அநியாயம்.

மோசடியின் விலை என்ன என்பதற்கு ஜெர்மனியின் யோவாக்கிம் போல்ட். உலகிலேயே அதிகக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டவர் இந்த மயக்க மருந்து மருத்துவர், இருநூறைத் தாண்டுகிறது. அறுவை சிகிச்சையிலும் தீவிர சிகிச்சையிலும் ரத்த அளவைத் தக்கவைக்கச் செலுத்தும் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற திரவம் பாதுகாப்பானது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. மருத்துவர்கள் நம்பினார்கள். 2013இல், பல சோதனைகளைச் சேர்த்து அலசிய ஆய்வு ஒன்று போல்ட்டின் ஏழு சோதனைகளை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தது. மீதிச் சோதனைகளில் அந்தத் திரவம் பெற்றவர்களிடையே இறப்பும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது. ஒரு மனிதரின் பொய்த் தரவு மற்றவர்களின் உண்மைத் தரவுக்கு மேல் போர்வையாகக் கிடந்திருக்கிறது. நோயாளிகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

சமீப ஆண்டுகளில் எண்ணிக்கை திடீரென்று ஏறியதற்குக் காரணம் வேறு: காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் தொழில். 2023இல் உலகில் திரும்பப் பெறப்பட்டவை பத்தாயிரத்தைத் தாண்டின. அதில் எட்டாயிரத்துக்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் ஆய்விதழ்களில் வந்தவை. 2021இல் அதை வாங்கியிருந்த வைலி நிறுவனம் பின்னர் அந்தப் பெயரையே கைவிட்டது. ஓட்டை ‘சிறப்பிதழ்’களில் இருந்தது. விருந்தினர் பதிப்பாசிரியர் என்று ஒருவரை அமர்த்துவார்கள், கட்டுரை வெளியாகும் முன் அதைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர்களாக அவர் தமக்கு வேண்டியவர்களையே அமர்த்துவார், மதிப்பீடு ஒரே அச்சில் வார்த்ததுபோல் திரும்பத் திரும்ப வரும். இதற்கும் முன்னோடி உண்டு. தென்கொரியாவின் ஹியுங்-இன் மூன், ஆய்விதழ்கள் கேட்டபோது மதிப்பீட்டாளர்களாக உண்மையான பெயர்களையும் தாமே உருவாக்கிய மின்னஞ்சல் முகவரிகளையும் கொடுத்து, தம் கட்டுரைகளைத் தாமே மதிப்பிட்டார். மாட்டிக்கொண்டதற்குக் காரணம் வேகம்: மதிப்பீடுகள் 24 மணி நேரத்துக்குள் வந்தன. உண்மையான மதிப்பீட்டாளர் யாரும் அவ்வளவு சீக்கிரம் பதில் தருவதில்லை.

நிருபர்களும் பேராசிரியர்களும் கால்குலேட்டரிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 25 பேரிடம் 1 முதல் 5 வரை முழு எண்ணில் மதிப்பெண் கேட்டதாகக் கட்டுரை சொல்கிறது, சராசரி 3.47 என்கிறது. முழு எண்களின் கூட்டுத்தொகையும் முழு எண்தான். அதை 25ஆல் வகுத்தால் விடை 0.04இன் மடங்காகத்தான் வரும். 3.44 வரலாம், 3.48 வரலாம், 3.47 வரவே வராது. இதை கிரிம் சோதனை என்பார்கள். நூறு பேருக்கு மேல் போனால் இரண்டு தசம இடத்துக்கு இது பயன்படாது, ஒரு கேள்விக்குப் பதிலாகப் பல கேள்விகளின் சராசரி என்றாலும் கணக்கு மாறும். இதில் தோற்ற உடனே பொய் என்று முடிவு கட்டவும் கூடாது. ஆறு பேர் பதில் சொல்லாமல் 19 ஆகியிருக்கலாம், அச்சுப் பிழையாக இருக்கலாம். ஆனால் ஓர் அட்டவணையில் பத்துச் சராசரிகளில் ஆறு தோற்றால் மூலத் தரவைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

இனி நம் நாட்டு நிலைமை. யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை எழுத்துத் திருட்டுக்குப் படிநிலை வகுத்திருக்கிறது. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் வெளியிட்டதைத் திரும்பப் பெற வேண்டும். 40 முதல் 60 வரை போனால் திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுக்குப் புதிய ஆய்வு மாணவர்களை எடுக்க முடியாது. 60க்கு மேல் என்றால் இரண்டு ஊதிய உயர்வும் மூன்று ஆண்டும். துறைக் குழு 45 நாள், நிறுவனக் குழு 45 நாள் என்று கெடுவும் உண்டு. ஆனால் இந்தச் சதவீதம் பிடிப்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே. தரவைக் கற்பனையாக எழுதிய கட்டுரைக்கு ஒப்புமை சுழியமாகக்கூட வரும், ஏனென்றால் அது எங்கிருந்தும் எடுக்கப்படவில்லை. ஒரே படத்தை மூன்று சோதனைகளுக்கு ஒட்டியதையும் அந்த மென்பொருள் பார்க்காது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளான டர்னிடினைக் காட்டி ‘டர்னிடின் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது’ என்று கல்லூரி ஒன்று பதில் சொன்னால், கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அமெரிக்காவில் அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வு மோசடிகளைக் கவனிக்க 1992 முதல் தனி அலுவலகம் இருக்கிறது. அப்படிச் சட்ட அதிகாரம் உள்ள தேசிய அமைப்பு இந்தியாவில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் கல்லூரியே விசாரணையும் நடத்துகிறது.

2025 முதல், மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நோக்கம் சரி. வெளியீட்டு எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தே இத்தனை குப்பையும் சேர்ந்தது, கெட்டதற்குக் கழிப்பதும் வேண்டும். என் கவலை வேறு இடத்தில். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கழித்தால், தன் நிரலில் பிழை கண்ட ஓர் இளம் உதவிப் பேராசிரியர் அதைத் துறைத்தலைவரிடம் சொல்லும்போது என்ன பதில் வரும்? ‘யாரும் கேட்கவில்லையே, விடுங்கள்’ என்பதுதான். பிழையான கட்டுரை நின்றுவிடும். ஆகவே கழிப்பதற்கு முன் அறிவிப்பில் உள்ள காரணத்தைப் படித்து, ஆசிரியர்கள் தாமாக முன்வந்து பிழையைச் சொல்லித் திரும்பப் பெற்றதைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் காரணக் குறியீடு இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து அது டி.ஓ.ஐ. எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி திறந்திருக்கிறது. காரணம் தெரியாது என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

தன் கட்டுரையில் பிழை கண்டவர் செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை. மூலத் தரவையும் நோட்டுகளையும் அன்றே நகலெடுத்து, எதையும் மாற்றாமல் தனியாக வையுங்கள். கூட்டு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். ஒருவரை விட்டாலும் பின்னால் தகராறு. பிழையை நீக்கி மறுபடி கணக்கிட்டு, முடிவு நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பதிப்பாசிரியருக்கு எழுதுங்கள்: பிழை என்ன, எந்த அட்டவணையை, எந்தப் படத்தைத் தொடுகிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், திருத்தமா திரும்பப் பெறுதலா என்ற உங்கள் கருத்து. எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டால் நல்லது. ஒருவர் மறுத்தாலும் பதிப்பாசிரியர் திரும்பப் பெறலாம், மறுத்தவர் பெயரை அறிவிப்பில் குறிப்பிடுவார்கள். சில ஆய்விதழ்கள் இதற்கும் கட்டணம் கேட்டு எழுதுகின்றன. அப்படிக் கேட்பது ஆய்விதழே அல்ல, கொடுக்காதீர்கள்.

திரும்பப் பெற்ற பிறகும் கட்டுரை ஓய்வதில்லை என்பது இன்னொரு சங்கடம். மீன் எண்ணெய்க் கொழுப்பு நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு உதவுகிறது என்று 2005இல் ‘செஸ்ட்’ இதழில் வந்த ஜப்பானிய ஆய்வு, தரவு பொய் என்று 2008இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பின் அதை மேற்கோள் காட்டியவற்றில் 96 சதவீதம் அது திரும்பப் பெறப்பட்டதைக் குறிப்பிடவே இல்லை என்று 2020இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பெரும்பாலும் இது வஞ்சகம் இல்லை. பிடிஎஃப்பை இறக்கிக் கணினியில் வைத்துக்கொண்டவருக்கு, பின்னால் விழுந்த முத்திரை தெரியாது. ஆய்வு மாணவர்கள் மேற்கோள் பட்டியலை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் வைத்திருந்தால், திரும்பப் பெறப்பட்டதன் மேல் 2019 முதல் அதுவே சிவப்பு எச்சரிக்கை காட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை பட்டியல் முழுவதையும் மறுபடி சரிபார்க்கச் சொல்வது வழிகாட்டியின் கடமை.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. ஆய்வுச் செய்தியில் ‘வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு’ என்று நிறுத்தாமல், ஆய்விதழின் பெயரையும் வெளியான மாதத்தையும் கடைசி வரியில் போடுங்கள். இணையப் பதிப்பில் டி.ஓ.ஐ. இணைப்பையும் கொடுங்கள். எத்தனை பேரிடம் செய்த ஆய்வு, எத்தனை பேர் கணக்கிலிருந்து விடுபட்டார்கள் என்ற இரண்டு எண்களைக் கட்டாயமாக்குங்கள். மார்சே ஆய்வுக்கு அந்த இரண்டு எண்கள் அன்றே அச்சாகியிருந்தால் வாசகரே கேள்வி கேட்டிருப்பார். மருந்து, உணவு, தடுப்பூசி பற்றி வெளியிட்ட ஆய்வுச் செய்திகளின் டி.ஓ.ஐ. எண்களை ஒரு பட்டியலாக வைத்து, மாதம் ஒருமுறை ரிட்ராக்ஷன் வாட்ச் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். எக்செல் தெரிந்த ஒரு துணை ஆசிரியருக்கு அரை மணி நேர வேலை. பொருந்துவது ஏதாவது இருந்தால் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் யார் திரும்பப் பெற்றார்கள், எதற்காக என்று போடுங்கள். இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியை அழிக்க வேண்டாம். அதன் தலைப்புக்கு மேலே தேதியோடு ஒரு குறிப்பும் புதிய செய்திக்கு இணைப்பும் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஆய்விதழ்ப் பதிப்புப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சிராப்பள்ளி